~ என்ற அலைக்குறியும் அதன் உறவுக்காரர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கணிதப் பாடங்களைத் தமிழில் தட்டச்சு செய்வதும் மெய்ப்புப் பார்ப்பதும் என் வேலை. கூட்டல், கழித்தல் குறிகளைப் பற்றி யாரும் என்னிடம் கேட்பதில்லை. அதிகம் கேட்பது இந்த நெளிந்த கோட்டைப் பற்றித்தான். அதற்கு என் முதல் பதில் எப்போதும் ஒரு கேள்வியாகவே இருக்கும்: "எங்கே பார்த்தீர்கள்?" நின்ற இடம் தெரியாமல் இந்தக் குறிக்குப் பொருள் சொல்லவே முடியாது. வந்த கேள்விகளையும் நான் சொல்லிவரும் பதில்களையும் கீழே தொகுத்திருக்கிறேன்.

இதன் பெயர் என்ன?

டில்டே. 'டில்டா' என்றும் சொல்கிறார்கள், தவறில்லை. தமிழில் அலைக்குறி என்றால் கேட்பவருக்கு வடிவம் உடனே மனதில் வந்துவிடும் என்பதால் நான் அப்படியே சொல்கிறேன். லத்தீனில் 'தித்துலுஸ்' என்றால் தலைப்பு, மேலே எழுதப்பட்டது. அந்தச் சொல் ஸ்பானிய மொழி வழியாகத் தேய்ந்து வந்ததுதான் டில்டே. ஸ்பானியர்களோ இன்று 'டில்டே' என்று பெரும்பாலும் á போன்ற எழுத்தின் மேல் வரும் சாய்ந்த அழுத்தக்குறியைத்தான் சொல்கிறார்கள். அலைவடிவக் குறிக்கு அவர்களிடம் 'விர்குலீயா' என்று தனிப் பெயர் இருக்கிறது.

இது எங்கிருந்து வந்தது?

கையால் நூல்களைப் படியெடுத்த காலத்திலிருந்து. இடைக்கால ஐரோப்பாவில் எழுதும் தோல் விலை உயர்ந்த பொருள், படியெடுப்பவரின் உழைப்பும் அப்படித்தான். அதனால் ஒரு சொல்லில் சில எழுத்துகளை விட்டுவிட்டு, "இங்கே ஏதோ விடுபட்டிருக்கிறது" என்று காட்ட மேலே ஒரு சிறு கோடு இழுத்தார்கள். குறிப்பாக மகர, னகர ஒலி எழுத்துகள் இப்படி மறைந்தன. வேகமாக எழுதும் கையில் அந்தக் கோடு நெளிந்தது.

லத்தீனில் ஆண்டுக்கு 'அன்னுஸ்'. அதில் இரண்டு னகரம். ஸ்பெயினில் ஒன்றை எழுதி, இன்னொன்றுக்குப் பதிலாக மேலே கோடு போட்டார்கள். காலப்போக்கில் அந்த இரட்டை னகரத்தின் ஒலியே மாறி ஞகரமானது. சுருக்கக் குறியாக வந்தது ஒரு புதிய எழுத்தின் உறுப்பாகவே நிலைத்துவிட்டது. அந்த எழுத்துதான் ñ.

போர்த்துகீசிய மொழியில் கதை சற்று வேறு. அங்கே உயிரெழுத்துகளின் மேல் உட்கார்ந்து (ã, õ), மூக்கொலியோடு சொல்லச் சொல்கிறது. சாவ் பாவ்லோ நகரத்தின் பெயரை அந்த மொழியில் எழுதினால் முதல் சொல்லின் தலையில் இந்த அலையைப் பார்க்கலாம்.

ñ-க்கும் சாதாரண னகரத்துக்கும் அவ்வளவு வித்தியாசமா? ஒரு கோடுதானே?

புள்ளி வைத்து எழுதும் நமக்கு இதைப் புரிந்துகொள்வது எளிது. 'பல்' என்பதில் புள்ளியை எடுத்தால் 'பல' ஆகிவிடும், பொருளே வேறு. ஸ்பானியத்தில் 'பெனா' என்றால் துயரம். அதே னகரத்தின் மேல் அலை போட்டால் 'பெஞா', அதாவது பாறை. ஸ்பானிய அகராதியில் ñ தனி எழுத்து, அதற்குத் தனி இடம் உண்டு.

நமக்கு மிகவும் பழக்கமான உதாரணம் 'எல் நினோ'. பசிபிக் கடல் சூடேறி உலகின் மழையையே புரட்டிப்போடும் அந்த நிகழ்வின் ஸ்பானியப் பெயரில் இருப்பது ñ. ஆங்கிலச் செய்திகளில் அலைக்குறி உதிர்ந்துபோய், அதைப் பார்த்து எழுதிய நாமும் 'நினோ' என்றே எழுதப் பழகிவிட்டோம். உண்மையான ஒலி 'நீஞோ', பொருள் 'சிறுவன்'. ஆங்கிலத்துக்கு இந்த ஒலிக்கென்று எழுத்து இல்லை, நமக்கு ஞ இருக்கிறது. தமிழை ரோமன் எழுத்தில் ஒலிபெயர்க்கும் அறிஞர்கள் ஞகரத்துக்குப் பயன்படுத்துவதும் இதே ñ-தான். இரு பக்கமும் இவ்வளவு பொருந்தியிருக்க, நடுவில் ஒரு மொழி தவறவிட்டதை நாமும் ஏன் தவறவிட வேண்டும்? 'எல் நீஞோ' என்று எழுதலாம். நான் அப்படித்தான் எழுதுகிறேன்.

எழுத்தின் தலையில் இருந்த குறி தனியாக எப்படி வந்தது?

தட்டச்சுப் பொறியில் ஓர் எழுத்தின் மேலேயே இன்னொரு குறியை அடிக்க முடியும். எழுத்தை அடித்து, உருளையை ஓர் இடம் பின்னால் தள்ளி, மேலே குறியை அடித்தால் இரண்டும் சேர்ந்து ஒரே எழுத்தாகத் தெரியும். தொடக்கக் கணினிகளின் விடையும் காகிதத்தில்தான் அச்சானது என்பதால், கணினியில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் தரும் ஆஸ்கி குறியீட்டை வகுத்தவர்கள் இந்தப் பழக்கத்தையும் மனதில் வைத்திருந்தார்கள். 1963-இல் வந்த முதல் ஆஸ்கியில் அலைக்குறி இல்லை. 1967 திருத்தத்தில் 126ஆம் இடம் அதற்குக் கிடைத்தது. ஆஸ்கியில் அச்சாகும் குறிகளில் கடைசி அதுதான்.

பிறகு திரைகள் வந்தன. திரையில் பின்னால் போய் இன்னொன்றை அடித்தால் இரண்டும் சேராது, முதல் எழுத்து அழிந்துவிடும். எந்த வேலைக்காக உள்ளே வந்ததோ அந்த வேலையே போய்விட்டது. ஆனால் இடமும் விசையும் அப்படியே இருந்தன. யாரும் பெரிதாகப் பயன்படுத்தாத ஒரு குறி பெரும்பாலான விசைப்பலகைகளில் இருக்கிறது என்றால் நிரலாளர்கள் விடுவார்களா? ஆளாளுக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். பழைய எழுத்துருக்கள் சிலவற்றில் ~ வரியின் மேல்பக்கம் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். அது எழுத்தின் தலையில் இருந்த காலத்தின் மிச்சம்.

கணிதத்தில் ~ என்றால் 'தோராயம்' தானே?

சில இடங்களில் மட்டும். நான் அதிகம் திருத்த வேண்டி வருவது இந்த எண்ணத்தைத்தான். பொறுமையாகச் சொல்கிறேன்.

வடிவியலில் இரு முக்கோணங்களுக்கு நடுவே வந்தால் 'வடிவொத்தவை' என்று பொருள். 3, 4, 5 பக்க அளவுகள் கொண்ட முக்கோணமும் 6, 8, 10 கொண்ட முக்கோணமும் வடிவொத்தவை. அளவு இரட்டிப்பானாலும் கோணங்கள் இம்மியும் மாறவில்லை. இங்கே தோராயம் எதுவும் இல்லை, துல்லியமான கூற்று. இதற்குக் கீழே சமக்குறியைச் சேர்த்தால் ≅ வருகிறது: வடிவும் ஒன்று, அளவும் ஒன்று, அதாவது சர்வசமம். இரண்டு குறிகள் சேர்ந்து இரண்டு பொருளையும் சேர்த்துச் சொல்கிற இந்த அமைப்பு எனக்கு மிகவும் பிடிக்கும். மாணவர்களுக்கு இதைப் பிரித்துக் காட்டினால் பிறகு மறப்பதே இல்லை.

இன்னும் பொதுவாக, எந்தச் சமானத் தொடர்பையும் ~ போட்டுக் குறிக்கலாம். தற்சுட்டு (எதுவும் தன்னோடு தொடர்புடையது), சமச்சீர் (முதலாவது இரண்டாவதோடு என்றால் இரண்டாவதும் முதலாவதோடு), கடப்பு (முதலாவது இரண்டாவதோடு, இரண்டாவது மூன்றாவதோடு என்றால் முதலாவது மூன்றாவதோடு) ஆகிய மூன்று பண்புகளும் இருந்தால் அது சமானத் தொடர்பு. 12 மணிக் கடிகாரத்தில் 2 மணியும் 14 மணியும் 26 மணியும் முள்ளை ஒரே இடத்தில்தான் நிறுத்துகின்றன. 12-ஆல் வகுத்தால் மூன்றுக்கும் ஒரே மீதி. எனவே 2 ~ 14, 14 ~ 26, ஆகவே 2 ~ 26.

அப்படியானால் தோராயத்துக்கு எந்தக் குறி?

≈. இரட்டை அலை. π ≈ 3.14 என்று எழுதுங்கள். 22/7 எழுதினாலும் ≈ தான், = போடக்கூடாது. 22/7 என்பது 3.142857... என்று போகும், π 3.14159... என்று போகும். மூன்றாவது தசம இடத்திலேயே வழி பிரிந்துவிடுகிறது.

இவை இரண்டையும் ஏன் கலக்கக்கூடாது என்பதற்கு ஒரு சோதனை. 1 ≈ 1.01 என்பதை ஏற்பீர்கள். 1.01 ≈ 1.02, அதையும் ஏற்பீர்கள். இப்படியே ஒவ்வொரு படியாக ஏறிப் போனால் ஒரு கட்டத்தில் 1 ≈ 2 என்று வந்து நிற்கும். தோராயத்துக்குக் கடப்புப் பண்பு கிடையாது, சங்கிலி நீள நீளப் பிழையும் சேர்ந்து நீளும். சமானத் தொடர்பில் எத்தனை கண்ணி கோத்தாலும் பிழை சேராது. ஒற்றை அலைக்கும் இரட்டை அலைக்கும் இடையே உள்ள தூரம் இதுதான்.

இயற்பியலாளர்கள் "~10 மீட்டர்" என்று எழுதுவது வழக்கம். பெரும்பாலும் அது 'பத்து மீட்டர் என்ற வரிசையில்' என்ற பொருளில் வரும். 7 ஆகவும் இருக்கலாம், 15 ஆகவும் இருக்கலாம். அவர்கள் துறையில் அது ஏற்கப்பட்ட வழக்கு.

இரண்டு சார்புகளுக்கு நடுவே ~ வந்தால்?

மாறி பெரிதாகிக்கொண்டே போகும்போது அவற்றின் விகிதம் 1-ஐ நெருங்குகிறது என்று பொருள். வித்தியாசம் குறையும் என்று பொருள் இல்லை. எண்களோடு பார்த்தால் தெளிவாகும்.

10! (1 முதல் 10 வரை உள்ள எண்களின் தொடர்பெருக்கம்) என்பதன் மதிப்பு 36,28,800. தொடர்பெருக்கத்துக்கு ஸ்டிர்லிங் வாய்பாடு தரும் மதிப்பு ஏறக்குறைய 35,98,696. வித்தியாசம் 30,104, விகிதம் 0.9917. இப்போது 20!-க்குப் போங்கள். விகிதம் 0.9958, அதாவது 1-க்கு இன்னும் அருகில் வந்துவிட்டது. ஆனால் வித்தியாசம் 100 கோடி கோடியைத் தாண்டிவிட்டது! ~ போட்டிருப்பதால் கழித்துப் பார்த்தால் சுழியம் வரும் என்று நினைத்தவர் இங்கே தடுமாறுவார்.

பகா எண் தேற்றமும் இதே வகை. 1896-இல் ஆதமாரும் தெ லா வலே பூசனும் தனித்தனியே நிரூபித்தது. ஓர் எண் வரை உள்ள பகா எண்களின் எண்ணிக்கை, அந்த எண்ணை அதன் இயல் மடக்கையால் வகுத்ததற்கு ~. பத்து லட்சம் வரை உண்மையில் 78,498 பகா எண்கள் உள்ளன. வகுத்தால் வருவது சுமார் 72,382. ஆறாயிரத்துக்கும் மேல் இடைவெளி, இருந்தும் தேற்றம் முழு உண்மை.

புள்ளியியலில்?

இடப்பக்கம் ஒரு சமவாய்ப்பு மாறி, வலப்பக்கம் ஒரு பரவலின் பெயர். "இந்த மாறி இந்தப் பரவலைப் பின்பற்றுகிறது" என்று படிக்க வேண்டும். ஒத்ததும் இல்லை, தோராயமும் இல்லை.

தருக்கப் பாடத்தில் ~ என்றால் 'இல்லை' என்கிறார்களே?

ஆம். 1910-இல் முதல் தொகுதி வெளியான ஒயிட்ஹெட், ரஸ்ஸல் இருவரின் 'பிரின்சிபியா மேத்தமேட்டிகா' என்ற பெரு நூலில் மறுப்புக்கு இந்தக் குறிதான். இப்போது பலர் ¬ எழுதுகிறார்கள். குழப்பம் குறைவு என்பதால் நானும் அதையே விரும்புகிறேன்.

நிரல் மொழிகள் பலவற்றில் அந்த மறுப்பு பிட்டுகளுக்கு (கணினி எண்களை எழுதும் 0, 1 இலக்கங்களுக்கு) இறங்கியிருக்கிறது. ~5 என்று கொடுத்தால் −6 வரும், கணினி தப்பாகக் கணக்குப் போடுகிறதோ என்று புதியவர்கள் பதறுவார்கள். 5-ஐ எட்டு பிட்டில் எழுதினால் 00000101. ஒவ்வொன்றையும் புரட்டினால் 11111010. குறை எண்களைக் கணினி வைத்திருக்கும் இரண்டின் நிரப்பு முறையில் இது −6. எந்த முழு எண்ணுக்கும் இதே கணக்குதான்: குறியை மாற்றி ஒன்றைக் கழித்துக்கொள்ளுங்கள்.

யூனிக்ஸ், லினக்ஸில் ~ என்றால் நம் முகப்புக் கோப்புறை. அது ஏன்?

1970-களில் புழங்கிய ஏடிஎம்-3ஏ (ADM-3A) என்ற கணினி முனையத்தின் விசைப்பலகையில் 'ஹோம்' என்ற சொல்லும் ~ குறியும் ஒரே விசையில் இருந்தன. காரணம் அவ்வளவுதான். அந்த முனையங்கள் போய்விட்டன, வழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஏதோ தவறால் ~ என்ற பெயரிலேயே ஒரு கோப்புறை உருவாகிவிடுவது உண்டு. அதை அழிக்கிறேன் என்று அழிக்கும் கட்டளைக்குப் பின்னால் வெறும் ~ கொடுத்தால் உங்கள் முகப்புக் கோப்புறை முழுதும் போய்விடும். ./~ என்று முன்னொட்டோடு கொடுங்கள். அழிப்பதற்கு முன் அதே முகவரியை வைத்து உள்ளே இருப்பதைப் பட்டியலிட்டுப் பார்த்துக்கொள்வது இன்னும் நல்லது.

வாட்ஸ்அப் குழுவில் சிலர் பெயருக்கு முன்னால் ~ வருகிறதே, ஏன்?

அவர் எண்ணை நீங்கள் சேமித்து வைக்கவில்லை. தெரியும் பெயர் அவராகவே வைத்துக்கொண்டது, நீங்கள் வைத்தது அல்ல. அதைத்தான் குறி சொல்கிறது. வேறு ஒன்றும் இல்லை, பயப்பட வேண்டாம். அதே வாட்ஸ்அப்பில் ஒரு சொல்லின் இருபுறமும் ~ போட்டால் அந்தச் சொல் நடுவே கோடு அடித்துத் தெரியும்.

5~10 என்று எழுதலாமா?

ஜப்பானிய, கொரிய எழுத்தில் அது '5 முதல் 10 வரை'. தமிழில் அந்த வழக்கம் இல்லை. படிப்பவர் '5, தோராயமாக 10' என்று திகைப்பார். 5–10 என்று இடைக்கோடு போடுங்கள், அல்லது '5 முதல் 10 வரை' என்றே எழுதுங்கள்.

கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரு சொற்களைக் கணினி வேறு என்கிறது. அலைக்குறிக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

நேரடித் தொடர்பு. எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் யுனிகோடில் ñ-ஐ இரண்டு விதமாக எழுதலாம். ஒன்று, 241 என்ற ஒரே எண். மற்றொன்று, சாதாரண னகர எழுத்தை அடித்து அதன் பின் 771 என்ற ஒட்டும் அலைக்குறியைச் சேர்ப்பது. திரையில் வித்தியாசமே தெரியாது. இரண்டும் ஒன்றே என்று அறியாத தேடலில் ஒரு விதத்தைக் கொடுத்தால், அது மற்றதைக் கண்டுபிடிக்காது.

தமிழிலும் இதே சிக்கல் உண்டு, பலருக்குத் தெரியாது. 'கொ' என்பதை க-வுடன் ஒகரக் குறியை (எண் 3018) ஒரே குறியாகச் சேர்த்தும் எழுதலாம், எகரக் கொம்பையும் (3014) காலையும் (3006) தனித்தனியாக அடித்தும் எழுதலாம். ஒரு முறை 'கொள்ளளவு' என்ற சொல்லை ஒரு கோப்பு முழுவதும் மாற்ற வேண்டியிருந்தது. தேடினேன், மாற்றினேன், முடிந்தது என்று அனுப்பிவிட்டேன். திரும்பி வந்த மெய்ப்பில் பாதி இடங்களில் பழைய சொல் அப்படியே நின்றது. அந்தப் பாதியைத் தட்டச்சு செய்தவர் வேறு மென்பொருள் பயன்படுத்தியிருந்தார். அன்றிலிருந்து எந்தக் கோப்பு வந்தாலும் முதலில் யுனிகோடு இயல்பாக்கம் (இப்படி இரு விதமாக எழுதியவற்றை ஒரே விதமாக்குவது) செய்த பிறகுதான் மற்ற வேலை.

மற்ற கணிதக் குறிகளை யார் உருவாக்கினார்கள்?

சிலவற்றுக்கு ஆளும் ஆண்டும் தெரியும். சமக்குறியை 1557-இல் வேல்ஸ் நாட்டு ராபர்ட் ரெகார்ட் அச்சில் கொண்டுவந்தார். 'சமம்' என்ற சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதி அலுத்துப்போய், இரண்டு இணைகோடுகளைவிடச் சமமான பொருள் வேறு ஏது என்று கேட்டு அதை வைத்தார். குறிக்குள்ளேயே காரணமும் இருக்கிறது. + மற்றும் − குறிகள் 1489-இலேயே யோகான் விட்மனின் வணிகக் கணித நூலில் அச்சாகிவிட்டன. முடிவிலிக்கு ∞ என்ற குறியை 1655-இல் ஜான் வாலிஸ் தந்தார். வெற்றுக் கணத்தின் ∅, நார்வே மொழி எழுத்து ஒன்றைப் பார்த்து ஆந்த்ரே வெய் எடுத்துக்கொண்டது.

× குறி 1631-இல் வில்லியம் ஆட்ரெட் தந்தது. அது இயற்கணித மாறி எழுத்தோடு குழம்புகிறது என்று லைப்னிட்ஸ் குறைபட்டுக்கொண்டு, புள்ளியைப் பயன்படுத்தினார். குழப்பம் இன்றும் தீரவில்லை, இரண்டு வழக்கங்களும் பக்கத்துப் பக்கத்தில் வாழ்கின்றன.

÷ குறியைப் பயன்படுத்தக்கூடாது என்கிறார்களே?

பன்னாட்டுத் தர நிறுவனத்தின் கணிதக் குறிகளுக்கான தரம் அதைத் தவிர்க்கச் சொல்கிறது. வட ஐரோப்பாவில் சில நாடுகளில் அதே குறி கழித்தலுக்கு வழங்கியதும் உண்டு. தொடக்கப் பள்ளிக்கு ÷ இருக்கட்டும், பிறகு பின்னமாக எழுதப் பழக்குங்கள்.

@, &, # இவையும் சுருக்கங்கள்தானா?

& என்பது லத்தீனில் 'மேலும்' எனப் பொருள்படும் 'எத்' என்ற இரண்டெழுத்துச் சொல் ஒன்றாகப் பின்னிக்கொண்டது. # எடை அளவான ராத்தலுக்கான லத்தீன் சுருக்கத்திலிருந்து வந்தது. அந்தச் சுருக்கத்தின் குறுக்கே 'எழுத்து விடுபட்டிருக்கிறது' என்று ஒரு கோடு போட்டிருப்பார்கள், அதாவது நம் அலைக்குறியின் சொந்தத் தம்பி. @ பழைய வணிகக் கணக்குகளில் 'ஒன்றுக்கு இவ்வளவு வீதம்' என்று வந்தது. 1971-இல் ரே டாம்லின்சன் மின்னஞ்சல் முகவரிக்கு அதைத் தேர்ந்தார், ஆள் பெயரில் வராத குறி என்பதால்.

தமிழில் இப்படிச் சொந்தக் குறிகள் உண்டா?

நிறைய. ௳ நாள், ௴ மாதம், ௵ வருடம், ௶ பற்று, ௷ வரவு, ௸ மேற்படி, ௹ ரூபாய், ௺ எண். எல்லாமே கையெழுத்தில் சொற்கள் சுருண்டு குறியானவை. பின்னங்களுக்கான பழைய குறிகள் 2019-இல் யுனிகோடுக்குள் வந்தன. இவை சில கருவிகளில் வெறும் கட்டமாகத் தெரிந்தால் எழுத்துரு இல்லை என்று பொருள், குறி இல்லை என்று பொருள் அல்ல.

எப்படித் தட்டச்சு செய்வது?

அமெரிக்க அமைப்பு விசைப்பலகையில் இடது மேல் மூலை, எஸ்கேப் விசைக்குக் கீழே, ஷிப்டுடன். தமிழ் அமைப்பில் வராவிட்டால் ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். விண்டோஸில் ஆல்ட் விசையை அழுத்தியபடி எண் பலகையில் 126 அடித்தால் ~, 164 அடித்தால் ñ. கைபேசியில் ஆங்கில விசைப்பலகையின் னகர விசையை நீண்ட நேரம் அழுத்தினால் ñ மேலே எழும்.

கணித நூல்களை அச்சுக்கு அமைக்கும் லேடெக்ஸ் மென்பொருளைப் பயன்படுத்துவோருக்கு: அங்கே வெறும் ~ அடித்தால் குறி அச்சாகாது, வரி உடையாத இடைவெளியாக மாறிவிடும். கணிதக் குறி வேண்டுமானால் பின்சாய்கோடு போட்டு 'சிம்' கட்டளையைக் கொடுக்க வேண்டும். யுனிகோடிலும் கணிதக் குறியான ∼ (8764), விசைப்பலகையின் ~ (126) இரண்டும் வேறு வேறு.

கட்டுரையில் '~500' என்று எழுதலாமா?

வேண்டாம். 'சுமார் 500', 'ஏறத்தாழ 500' என்று எழுதுங்கள். பார்வையற்றோருக்கு வாசித்துக் காட்டும் மென்பொருள்கள் இந்தக் குறியை 'டில்டே' என்று சொல்லக்கூடும், சத்தமில்லாமல் தாண்டியும் போகக்கூடும். இரண்டிலும் பொருள் போய்ச் சேராது. அச்சிலும் ஆபத்து உண்டு. நான் மெய்ப்புப் பார்த்த ஒரு பயிற்சிக் கையேட்டில், ஒரு கரைசலை '~40 டிகிரியில் வைக்கவும்' என்று மூலத்தில் இருந்தது. சிறிய எழுத்துருவில் அந்த அலை நேராகிவிட, முதல் மெய்ப்பில் '−40 டிகிரி' என்று நின்றது. கண்ணில் பட்டதால் திருத்த முடிந்தது. திருத்தும்போது குறியைப் பெரிதாக்கவில்லை. 'சுமார் 40' என்று எழுதி அனுப்பினேன்.